குழாய்க்குப் பின்னால் தெரியாத கோடு

அன்று சமையலறையில் அத்தை, "அந்த லேப் கெமிக்கல்தான் உன் ரத்தத்தக் கெடுத்திருக்கு" என்று சொன்னபோது, "இல்லை அத்தை" என்று நான் ஏன் சொல்லவில்லை?

இன்றுவரை இதற்கு என்னிடம் இரண்டு மூன்று பதில்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது பொய்யாகத் தெரிகிறது.

அது ஒரு சனிக்கிழமைக் காலை. பெக்கான் நானாஸில் உள்ள எங்கள் வீட்டில் அத்தை தரையில் செய்தித்தாளை விரித்து, நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை, கணவர் சரவணனின் அம்மாவை. மகள் தாரணிக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. கிள்ளிப்போட்ட தலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே "ரெண்டு".

மேசை மேல் கிளினிக்கில் கொடுத்த கடிதம் கிடந்தது. மலாயில் இருந்தது. அத்தை மலாய் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது.

"என்னா போட்டிருக்கான் அதுல?"

"ரத்தத்துல சின்னதா ஒரு பிரச்சன இருக்காம் அத்தை. பயப்பட ஒண்ணும் இல்லியாம்."

அத்தையின் கை நின்றது. "ரத்தத்துலயா? அங்க போறதுக்கு முன்னாடி நல்லாத்தான இருந்த?"

"ம்."

"அப்ப அந்த லேப்புதான். நாள் பூரா கெமிக்கல மோந்துக்கிட்டு நின்னா ரத்தம் கெடாம என்னா செய்யும்? அந்த லேப் கெமிக்கல்தான் உன் ரத்தத்தக் கெடுத்திருக்கு. நான் அப்பவே சரவணன்கிட்ட சொன்னேன்."

நான் தண்ணீர் குடித்தேன். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். நடந்தது அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், கீர்த்தனாவின் விண்ணப்பப் படிவம் இன்று கையெழுத்து இல்லாமல் கிடக்காது. கீர்த்தனா என் நாத்தனாரின் மகள், பத்தொன்பது வயது. நான் போன அதே பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். அவளுடைய விஷயத்துக்கு வருவதற்கு முன்னால், அந்த லேப்பில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த மாதம் சம்மர் இல்லை?

சென்ற வாரங்களில் இந்தத் தொடரை வாசித்தவர்களுக்குத் தெரியும். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவள் நான். உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறேன். அத்தையிடம், "ரத்தம் டெஸ்ட் பண்ற படிப்பு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

இரண்டாம் ஆண்டு முடிந்து வந்த நீண்ட விடுமுறையில்தான் இந்த ஆய்வுப் பயிற்சி. எட்டு வாரம். பெயரில் "சம்மர்" என்று ஒரு சொல் இருந்தது. ஜொகூரில் எந்த மாதம் சம்மர் இல்லை? வெளிநாட்டுத் திட்டம் ஒன்றின் பெயரை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் எட்டு வாரத்தில் பாதி நாள் மழை.

ஆய்வுக்கூடங்களுக்கு அதிகம் வராத குடும்பங்களின் பிள்ளைகளுக்காக என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள், அரசாங்கம் நிலம் கொடுத்த குடியேற்றத் திட்டத்து வீட்டுப் பிள்ளைகள், ஒரு பூர்வகுடிப் பெண் என்று மொத்தம் எட்டுப் பேர். உங்கள் குடும்பத்தில் யாராவது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்திருக்கிறார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. "இல்லை" என்று எழுதினேன். "இல்லை" என்று சொல்லி எனக்கு ஓர் இடம் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

என் அம்மா கோத்தா திங்கிப் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். பயிற்சி கிடைத்ததைப் போனில் சொன்னபோது, "சாப்பாடு குடுப்பாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நல்ல கேள்வி. மதியம் மட்டும் கொடுத்தார்கள்.

தாரணியைப் பார்த்துக்கொள்ள அத்தை ஒப்புக்கொண்டார். "எட்டு வாரம் பாத்துக்குறேன். ஒம்பதாவது வாரம்னு வந்து நிக்காத" என்றார். கிளம்புகிற நேரம் பார்த்துத் தாரணிக்குக் காய்ச்சல் வந்தது. நான் ஒரு வாரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அந்த ஒரு வாரத் தாமதத்தால்தான் பிறகு எல்லாம் நடந்தது.

புதிதாக வந்தவரின் விரல்

எங்கள் மேசையில் இரண்டு பேர். லாயாங் லாயாங்கில் இருந்து வந்த ஷர்மினியும் நானும். அவளுக்கு இருபத்தொரு வயது. வாய் ஓயாது. என்னை அக்கா என்று கூப்பிட்டாலும், அக்காவுக்குக் கொடுக்கிற மரியாதை எதையும் கொடுக்க மாட்டாள்.

தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டைச் சுமப்பவர்களை மலிவான, எளிய முறையில் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் வேலை. சுமப்பவர்களுக்கு நோய் இல்லை. அவர்கள் நம்மைப் போலவே நடமாடுவார்கள். கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான், பிறக்கும் குழந்தைக்குப் பெரிய ஆபத்து வரலாம்.

சோதனை இதுதான். கண்ணாடிக் குழாயில் மிகவும் நீர்த்த உப்புக் கரைசலை எடுத்து, ஒரு துளி ரத்தத்தை விட்டு, அரை மணி நேரம் வைக்க வேண்டும். சாதாரண சிவப்பணு அந்தத் தண்ணீரை உறிஞ்சி ஊதி உடைந்துவிடும். கரைசல் தெளிந்த சிவப்பாக, ரோஸ் சிரப் போல ஆகிவிடும். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் கோடு பளிச்சென்று தெரியும். சுமப்பவரின் சிவப்பணு அவ்வளவு சுலபமாக உடையாது. கரைசல் கலங்கலாக நிற்கும். கோடு தெரியாது.

கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் லேப்பில் இருக்கும் ஒருவரின் ரத்தத்தை முதலில் போட்டுப் பார்ப்பார்கள். கோடு தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம். தெரியாவிட்டால் கரைசலில் தப்பு. ரத்தம் கொடுக்க வேண்டியது கடைசியாக வந்து சேர்ந்தவர். பழைய ஆட்களின் விரல்கள் ஏற்கெனவே போதுமான அளவு குத்து வாங்கியிருக்கும். முதல் வாரம் ஷர்மினி கொடுத்தாள். இரண்டாம் வாரம் நான்தான் கடைசி.

"அப்பாடா, அக்கா வந்துட்டாங்க" என்று ஷர்மினி தன் விரலுக்கு முத்தம் கொடுத்தாள். "இனிமே நீ ரெஸ்ட் எடு, செல்லம்."

லேப் அதிகாரி மிஸ் சுகந்தி. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்தில் இருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். வீட்டுப் பேச்சு லேப்பிலும் அவர் வாயில் வரும். "உங்களுக்கு இந்தப் பிரச்சினை இராது பிள்ளை. எங்கட இந்திய, இலங்கை ஆக்களிட்ட இது குறைவு" என்றார். நானும் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் வாசித்திருந்தேன். நம் ஆட்களின் ரத்தம் அந்த லேப் ஃப்ரீசரில் ஒரு தட்டுக்குக்கூட இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் ஆட்களைக் குறைவாகச் சோதித்திருந்தார்கள். குறைவு என்று எழுதியிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்த அதே திங்கட்கிழமை பழைய கரைசல் தீர்ந்தது. புதிதாகச் செய்யும் வேலையும் எனக்கே வந்தது.

மூன்று காலைகள்

திங்கட்கிழமை கோடு தெரியவில்லை.

ஷர்மினி குழாயை மேலும் கீழும் பார்த்தாள். "கோடு எங்கக்கா? சாப்ட்டீங்களா?"

கொட்டிவிட்டு மறுபடியும் செய்தேன். செவ்வாய்க்கிழமையும் தெரியவில்லை.

"அக்கா, உண்மைய சொல்லுங்க. ரசத்துக்குப் போடுற மாதிரி கண்ணளவுல உப்பு போட்டீங்கதானே?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அப்படித்தான் செய்துவிட்டேனோ என்று யோசித்தேன். எடை போடும்போது நான் போனைப் பார்த்தது உண்மை. அத்தை தாரணியின் வீடியோ அனுப்பியிருந்தார். தராசில் எண் நிலைத்து நிற்பதற்கு முன்பே எடுத்துவிட்டேனா? தண்ணீர்ப் பாட்டில் மாறிப்போனதா? வேறு யாராவது செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

லேப் நோட்டில் ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் எழுத வேண்டும். "எடை போட்டதில் பிழை. செய்தவர்: யோகேஸ்வரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தராசைச் சரிபார்த்தாகிவிட்டது, அதில் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் எழுதினேன். ஏதாவது ஒரு காரணம் வேண்டும். என் பெயர் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

குடியேற்றத் திட்டத்துக் கிராமம் ஒன்றில் எடுத்த ரத்தம் குளிர்ப்பெட்டியில் காத்திருந்தது. அதை அதிக நாள் வைக்க முடியாது. மிஸ் சுகந்தி கத்தவில்லை. "வியாழனுக்குள்ள சரிவராட்டி எல்லாத்தையும் எறிய வேணும். பிறகு அந்தச் சனத்திட்ட போய் நீங்கள்தான் திரும்பக் கேக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமையும் கோடு தெரியவில்லை. மூன்றாவது முறையாக என் பெயரை எழுதினேன்.

பசி

உண்மையைக் கண்டுபிடித்தது அறிவியல் என்று சொல்ல முடியாது. ஷர்மினியின் பசிதான் கண்டுபிடித்தது.

மதியம் ஒன்றரை ஆகியிருந்தது. நான் நான்காவது முறையாக உப்பை எடை போட உட்கார்ந்தேன். "தள்ளுங்கக்கா. நீங்க கொஞ்ச நேரம் எதையும் தொடாதீங்க. என் விரலயே குத்திக்கிறேன். கீழ நாசி லெமாக் முடிஞ்சிரும் லா" என்று சொல்லிக்கொண்டே அவள் குத்திக்கொண்டாள். காலையில் நான் செய்து, தப்பு என்று ஒதுக்கி வைத்த அதே கரைசலில் தன் ரத்தத்தை ஒரு குழாயில் விட்டாள். பக்கத்துக் குழாயில் என்னுடையது.

அரை மணி நேரம் கழித்துக் காகிதத்தைப் பின்னால் பிடித்தாள்.

அவளுடைய குழாயில் கோடு மை போலத் தெரிந்தது. என்னுடையதில் ஒன்றும் இல்லை. கலங்கிய சிவப்பு.

ஷர்மினி காகிதத்தை இரண்டு குழாய்களுக்குப் பின்னாலும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

மிஸ் சுகந்தி வந்து இரண்டு குழாய்களையும் தூக்கிப் பார்த்தார். இரும்புச்சத்து குறைந்திருந்தாலும் இப்படித் தெரியலாம், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கிளினிக்குக்குப் போய் முறையாகப் பார்க்க வேண்டும் என்றார். எதுவும் விசாரிக்காமல் முதல் நாளே கரைசலைச் சரிபார்க்க என் ரத்தத்தை எடுத்தது தன் தவறு என்றும் சொன்னார். பிறகு நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இந்த மூண்டையும் நீங்களே வெட்டிக் கையெழுத்துப் போடுங்கோ. செய்யாத பிழையை எழுதினால் அதுவும் பிழையான பதிவுதான்."

ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்று முறை.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த நேரம் எனக்குத் தோன்றியது பயம் இல்லை, நிம்மதி. என் கை தப்புச் செய்யவில்லை. கீழே போய் மிச்சமிருந்த நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் தாரணியின் ஞாபகம் வந்தது.

ரத்தம் குறைச்சல்

கர்ப்பமாக இருந்தபோது என் கார்டில் ஒவ்வொரு மாதமும் "ரத்தம் குறைவு" என்றுதான் எழுதினார்கள். இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை மாற்றினார்கள். அத்தை முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், ஊறவைத்த கருப்புத் திராட்சை என்று வரிசையாகக் கொடுத்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "இன்னும் வெளுத்துதான் கெடக்கு" என்பார்.

நான் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று தாதி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் மறந்திருப்பேனோ? டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டேனோ? இப்போது பள்ளிக்கூடத்திலேயே தலசீமியா சோதனை செய்கிறார்கள். நான் படித்தபோது எங்கள் பள்ளிக்கு அது வரவில்லை.

கிளினிக் முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. நான் சுமப்பவள்தான். பிறவியிலேயே, அம்மாவிடமிருந்தோ இறந்துபோன அப்பாவிடமிருந்தோ வந்தது. அத்தை சமையலறையில் கேட்ட கடிதம் இதைத்தான் சொன்னது.

என் கணவர் சரவணன் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை பார்க்கிறார். அவரையும் சோதிக்கச் சொன்னார்கள். மறுப்பார் என்று பயந்தேன். மறுக்கவில்லை. ஊசியைப் பார்க்காமல் சுவரில் இருந்த கொசு ஒழிப்பு போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. தாரணிக்கு அதிகபட்சம் என்னுடையதுதான் இருக்கலாம். அடுத்த பிள்ளைக்கும் அப்படித்தான். பெரிய ஆபத்து இல்லை.

ஆகவே பயந்த கதை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அத்தையின் நகங்கள்

அத்தையை ஒன்றும் தெரியாதவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அவர் இளம் வயதில் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தவர். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல், சேலைத் துணியால் மூக்கைச் சுற்றிக்கொண்டு வருடக்கணக்கில் அடித்திருக்கிறார். வலது கையில் இரண்டு நகங்கள் இன்னும் ஒழுங்காக வளர்வதில்லை. கூட அடித்த ஒரு பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் "ஒண்ணும் செய்யாது, போய் அடி" என்று சொன்னவர்கள் படித்தவர்கள்தான்.

லேப் கோட்டோடு நான் படம் அனுப்பியபோது, அவர் முதலில் பார்த்தது கையுறை போட்டிருக்கிறேனா என்றுதான்.

அப்படிப்பட்டவரிடம் போய், "கெமிக்கல் ஒண்ணும் செய்யல அத்தை" என்று எந்த முகத்தோடு சொல்வது? அன்று நான் பேசாமல் இருந்ததற்கு இது ஒரு பதில். மரியாதையான பதில். ஆனால் முழுப் பதிலா என்று கேட்டால், தெரியவில்லை.

இன்னொரு பதில் இருக்கிறது. கெமிக்கல் இல்லை என்றால், பிறவியில் வந்தது என்று சொல்ல வேண்டும். பிறவி என்றால் என் அம்மா வீடு. "கொறையுள்ள பொண்ணக் கட்டி வெச்சுட்டாங்க" என்ற பேச்சு ஒரு கல்யாண வீட்டில், ஒரு காதணி விழாவில் எங்காவது கிளம்பும். அத்தை அப்படிப் பேசாமலும் இருக்கலாம். நான் அவருக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை. கெமிக்கல் மேல் பழி விழுந்தபோது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே சரவணனிடம் சொன்னேன்.

"விடு யோகேஸ்" என்றார். "அம்மா எதையாச்சும் நம்பிட்டுப் போவட்டும். கெமிக்கல் மேல பழி போட்டா கெமிக்கல் அழுவவா போவுது?"

சிரித்துவிட்டேன். விட்டும்விட்டேன்.

கையெழுத்து

கீர்த்தனா உயிர்மருத்துவ அறிவியலில் முதலாம் ஆண்டு. நான் படிப்பதைப் பார்த்துத்தான் சேர்ந்தாள். அடுத்த விடுமுறைப் பயிற்சிக்குப் படிவத்தை அச்செடுத்து, எல்லாவற்றையும் நிரப்பி, பெற்றோர் ஒப்புதல் என்ற இடத்துக்குப் பென்சிலால் அம்புக்குறி போட்டு, தன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள்.

அவளுடைய அம்மா, அதாவது சரவணனின் அக்கா லோகா அண்ணி, போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். படிவமும் கைப்பையில் வந்திருந்தது.

"நீ என்னாம்மா சொல்ற? போடவா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"யோகேஸுக்கு என்னாச்சுன்னு தெரியும்தானே. கல்யாணம் ஆவாத பொண்ணு. வேணாம். கோர்ஸயே மாத்திக்கச் சொல்லு, அக்கவுண்ட்ஸ் படிக்கட்டும்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "உண்மையாவே கெமிக்கலா யோகேஸ்? டாக்டரே சொன்னாரா?"

நேரடியான கேள்வி. ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்கள்தான் இருந்தன. நான், "ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரி அண்ணி" என்றேன்.

முதல் முறை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த முறை வாயைத் திறந்தே அதைச் செய்தேன்.

அன்று இரவே கீர்த்தனாவிடமிருந்து செய்தி வந்தது. "மாமி, அம்மா சைன் போட மாட்டேங்குறாங்க. நீங்க எட்டு வாரம் இருந்தீங்கதானே, நீங்க சொன்னா கேப்பாங்க. ப்ளீஸ்." அவளுக்கு என் ரத்தக் கதை தெரியாது. நான் அவள் பக்கம் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நேர்ல பேசலாம்மா" என்று பதில் போட்டேன். இன்னும் பேசவில்லை.

விண்ணப்பம் இந்த மாதக் கடைசியோடு மூடுகிறது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது வரை முடிவு செய்துவிட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. முதலில் அத்தையிடம் சொல்வதா? சொன்னால், இத்தனை மாதம் ஏன் மறைத்தாய் என்று கேட்பார், கேட்க வேண்டியதுதான். அண்ணியிடம் சொல்லிக் கையெழுத்தை வாங்கிவிட்டுப் பிறகு அத்தையிடம் போனால், என்னைத் தாண்டிப் பேசிவிட்டாய் என்பார், அதுவும் நியாயம்தான். இல்லை, பேச்சு வேறு வழியாகப் போய்ச் சேருவதற்கு முன்னால் கோத்தா திங்கிக்குப் போய் என் அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டுமா?

இந்த இதழ் எங்கள் வீட்டுக்கும் வருகிறது. அத்தை ராசிபலனை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஆனால் அண்ணி எல்லாப் பக்கத்தையும் வாசிப்பார்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நம்பிவிட்ட தப்பை உங்கள் வசதிக்காக விட்டுவைத்து, பிறகு திருத்தியிருக்கிறீர்களா? யாரிடம் முதலில் போனீர்கள்? முதல் வாக்கியமாக எதைச் சொன்னீர்கள்? எனக்கு எழுதுங்கள். திட்டி எழுதினாலும் வாசிப்பேன். சீக்கிரம் எழுதுங்கள்.